ஞாயிறு காலைக்கு யார் வருவீங்க?

வியாழக்கிழமை வந்துவிட்டால் அவளுக்குத் தலைக்கு மேல் வேலை. அடுத்த வாரம் எந்தக் கவுண்டரில் யார், எத்தனை மணிக்கு யார் வந்து யாரை மாற்றிவிட வேண்டும் என்று அட்டவணை போட்டு, மாலை ஐந்து மணிக்குள் பணியாளர் அறைச் சுவரில் ஒட்டியாக வேண்டும். கடை என்றால் பெரிய கடை. பில் போடும் கவுண்டர் மட்டும் பதினொன்று. அவளுடைய அறையோ குளிர்பதன அறைக்கும் அட்டைப்பெட்டிகளை நசுக்கும் இயந்திரத்துக்கும் நடுவே, ஒரு மேசையும் ஒன்றரை நாற்காலியும் கொள்ளும் அளவுக்குத்தான் இருந்தது. அரை நாற்காலி என்றது முதுகு உடைந்த நாற்காலியை. விடுப்பு கேட்டு வருகிறவர்களை அதில்தான் உட்காரவைப்பாள். யாராலும் அதிக நேரம் உட்கார்ந்து கெஞ்ச முடியாது.

கவுண்டரில் இருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள். அவர்களுக்கு அவள் 'ஷிஃப்ட் அக்கா'. நாற்பத்தாறு வயதுக்காரியை அம்மா என்றோ ஆன்ட்டி என்றோ கூப்பிட்டிருக்கலாம். யாரோ ஒரு பிள்ளை அக்கா என்று ஆரம்பித்துவைக்க, அவளும் அதைத் திருத்தவில்லை. எந்தப் பெண் திருத்துவாள்? பிறகு சபையிலும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. கடையில் பில் போடுகிற பிள்ளைகளில் ஐந்து பேர் அவள் போகிற கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர்கள். அவளே கூட்டிவந்து வேலையில் சேர்த்துவிட்டவர்கள். போதாததற்குச் சபையின் பாடகர் குழுவுக்கும் அவள்தான் பொறுப்பு. புதன்கிழமை மாலை அதே ஐந்து பேரையும் நிற்கவைத்து, "வாயைத் திறந்து பாடுங்கப்பா, கொட்டாவிக்குத் திறக்கறீங்கல்ல" என்று பாட்டுப் பழக்குவாள்.

ஞாயிறு காலை அவள் கடைக்கு வரமாட்டாள். இருபத்தைந்து வருட வேலைக்கு மேலாளர் கொடுத்திருந்த சலுகை அது. ஆனால் ஞாயிறு காலைக்குக் கவுண்டரில் ஆறு பேர் வேண்டும். பிள்ளைகுட்டிக்காரர்கள் அன்று விடுப்பு கேட்பார்கள். படிக்கிறவர்களுக்கு வார நாளில் வகுப்பு. ஆகவே அட்டவணையில் ஞாயிறு காலைக் கட்டங்களெல்லாம் தாமாகவே மாணவர் பெயர்களால் நிரம்பிவிடும். எத்தனையோ வருடமாக அப்படித்தான் நிரப்பிக்கொண்டிருந்தாள். அதில் யோசிக்க ஒன்றும் இருப்பதாக அவளுக்குத் தோன்றியதில்லை.

தோன்றவைத்தது ஒரு ஞாயிறு. அன்று ஆராதனையில் பாடகர் குழு எழுந்து நின்றபோது ஆண்கள் வரிசையில் ஒரே ஒருவர் இருந்தார். அவருக்கும் இருமல். பெண்கள் பக்கம் அவளும் இன்னும் மூன்று பேரும். பாட்டு எப்படியோ நொண்டி நொண்டி முடிந்தது. ஆராதனை முடிந்ததும் போதகர் வாசலில் கை குலுக்கிக்கொண்டே கேட்டார்.

"எங்கம்மா நம்ம பிள்ளைங்க ஒருத்தரையும் காணோம்?"

"கடையில, ஐயா."

"ஞாயித்துக்கிழமை காலையிலயா? யாரு போட்டா அவங்களை?"

"நான்தான் ஐயா."

போதகர் சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். அவள் இங்கே நின்று பாட வேண்டும் என்பதற்காக அவர்களை அங்கே நிற்கவைத்திருக்கிறாள். யாருக்காகப் பாட்டுப் பழக்கினாளோ அவர்களைப் பாடவிடாமல் செய்ததும் அவளே. வெயிலில் பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கும்போது இந்த எண்ணம் செருப்புக்குள் புகுந்த கல்லைப் போல உறுத்திக்கொண்டே வந்தது.

அடுத்த வாரம் சபையின் செய்தி மடலைப் பிரித்தவள் ஒரு அறிவிப்பை இரண்டு முறை படித்தாள். வாலிபர் கூட்டம், மூன்றாம் ஞாயிறு, பிற்பகல் மூன்று மணி. பொருள்: 'படிக்கிற பிள்ளைகள் பகுதிநேர வேலைக்குப் போகலாமா? ஒரு கிறிஸ்தவப் பார்வை.' பேசுபவர் என்ற இடத்தில் அவள் பெயர்.

"என்னைக் கேக்காமலே அச்சடிச்சிட்டீங்களே ஐயா!"

"கேட்டா முடியாதுன்னு சொல்லுவீங்க. உங்களை விட்டா வேற யாருக்கும்மா தெரியும்? ரெண்டு பக்கமும் உங்க கையிலதான இருக்கு" என்றார் போதகர்.

அதுதான் சிக்கல் என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

அவளுக்கு ஒரு பழைய கதை உண்டு. பத்தொன்பது வயதில் அவள் மருத்துவப் பரிசோதனைக்கூடப் படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். மாலையில் இதே கடையில், இப்போது காய்கறித் தராசு இருக்கிற மூலையில், பில் போட்டாள். இரண்டாம் வருடத் தேர்வில் தோற்றாள், படிப்பை விட்டாள், கடை அவளை விடவில்லை. சபையில் எழுந்து, ஆண்டவர் தன்னை நடத்திய விதத்தைச் சாட்சியாகச் சொல்லும்போது, "ஒரு கதவு அடைச்சாலும் ஆண்டவர் இன்னொரு கதவைத் திறந்தார்" என்பாள். வீட்டில் மகளிடம் சொல்லும்போது, "வேலை வேலைன்னு ஓடித்தான் என் படிப்பு நாசமாப் போச்சு. நீ படி. அது ஒன்னுதான் உன் வேலை" என்பாள். இரண்டையும் பல வருடமாகச் சொல்லி வந்தவள், இரண்டையும் ஒரே நாளில் சொன்னதில்லை. அதனால் அவை ஒன்றோடொன்று முட்டிக்கொண்டதுமில்லை. அவளுடைய மூத்த அக்காவைக் கேட்டால் மூன்றாவதாக ஒன்று சொல்வாள்: "நீ வேலைக்குப் போகலைன்னாலும் ஃபெயில்தான் ஆகியிருப்ப. ரத்தத்தைப் பார்த்தாலே உனக்கு மயக்கம் வரும். அந்தப் படிப்புல உன்னைச் சேர்த்ததே தப்பு."

எது நிஜம்? உள்ளபடி சொன்னால் அவளுக்கே தெரியாது.

கூட்டத்துக்குக் குறிப்பு எடுக்க உட்கார்ந்தாள். நோட்டில் ஒரு பக்கத்தை எடுத்து நடுவே கோடு கிழித்தாள். இடது பக்கம் 'போகலாம்'. வலது பக்கம் 'போகக் கூடாது'. வேதத்தைப் புரட்டப் புரட்ட இரண்டு பக்கமும் சமமாக ஏறிக்கொண்டே போயிற்று. சோம்பேறியை எறும்பிடம் போய்ப் படித்துக்கொள்ளச் சொன்னது இடது பக்கம். ஆண்டவரே தச்சுப்பட்டறையில் வளர்ந்தவர், இடது பக்கம். பிரசங்கம் செய்துகொண்டே கூடாரம் தைத்துப் பிழைத்த அப்போஸ்தலன், அவனும் இடது பக்கம். ஏழாம் நாளில் ஓய்ந்திருக்கச் சொன்னது வலது பக்கம். இரண்டு எஜமான்களுக்கு ஒருவன் ஊழியம் செய்ய முடியாது என்றது வலது பக்கம். சமையலறையில் மல்லாடிய சகோதரியை விட்டுவிட்டு, காலடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த சகோதரியை ஆண்டவர் மெச்சிய கதையும் வலது பக்கம். ஆனால் அந்த வீட்டில் அன்று எல்லோரும் சாப்பிட்டிருப்பார்களே, அது யார் சமைத்தது என்று யோசித்தபோது, அந்தக் கதையை எந்தப் பக்கம் எழுதுவதென்று தெரியாமல் பேனாவை மூடினாள்.

அவளுடைய கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். நாள் முழுக்க அடுத்தவர் ஓட்டும் வண்டியில் பக்கத்து இருக்கையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மனிதர். வீட்டுக்கு வந்து நோட்டை எட்டிப் பார்த்தார்.

"எறும்பு எந்தக் காலேஜுல படிச்சுதாம்?"

"என்னங்க?"

"இல்ல, எறும்பு வேலை பார்க்குது, சரி. அதுக்குப் பரீட்சை இருக்கா? செமஸ்டர் இருக்கா? வேலை மட்டும்தான் பார்க்குது. அதைக் கொண்டுபோய் இந்தப் பிள்ளைங்களுக்கு உதாரணம் சொன்னா எப்படி?"

"உங்களை யாரு கேட்டா?"

"கேக்க வேணாம். ஒன்னு மட்டும் சொல்றேன். பிரேக்கையும் ஆக்ஸிலேட்டரையும் சேர்த்து மிதிக்கிறவங்களை நான் தினமும் பார்க்கிறேன். வண்டி நகரவும் நகராது, சத்தமும் நிக்காது" என்று சொல்லிவிட்டு அவர் குளிக்கப் போய்விட்டார். அது தன்னைச் சொன்னதா, பிள்ளைகளைச் சொன்னதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

கூட்டத்துக்கு முந்தைய வியாழக்கிழமை, வேலை கேட்டு வந்த விண்ணப்பங்களை வாடிக்கையாளர் உதவி மேசையிலிருந்து ஒரு கட்டாக அவள் அறைக்கு அனுப்பியிருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு தாள்கள். 'ஏன் இங்கே வேலை செய்ய விரும்புகிறீர்கள்?' என்ற கேள்விக்கு எல்லோரும் ஒரே பதில்தான் எழுதுவார்கள்: மக்களோடு பழகப் பிடிக்கும். ஒருத்தன் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டான், மக்களோடு பழகப் பிடிக்கும் என்று எழுதியிருப்பான். அவள் சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் புரட்டினாள். ஏழாவது தாளில் கை நின்றது. பெயரைப் படிக்கவே வேண்டியிருக்கவில்லை. அந்தச் சாய்ந்த கையெழுத்துக்கு ஆறு வயதிலிருந்து கோடு போட்டுக் கொடுத்தவள் அவள். மகளுடைய விண்ணப்பம்.

மகள் கல்லூரியில் முதல் வருடம். பதினெட்டு வயது. ஏன் என்ற கேள்விக்கு நேராக எழுதியிருந்தாள்: 'எங்கள் வீட்டில் எல்லோரும் மாலையில் களைத்துப்போய் வருகிறார்கள். நான் மட்டும் களைக்காமல் இருக்கிறேன். அது எனக்குச் சரியாகப் படவில்லை.' ஞாயிறு காலை வர முடியுமா என்ற இடத்தில் 'முடியும்' என்பதில் ஒரு டிக், அதை அடித்து 'முடியாது' என்பதில் ஒரு டிக், அதையும் அடித்து ஓரத்தில் சின்னதாக, 'தெரியவில்லை'.

ஷிஃப்ட் அக்கா அந்தத் தாளைக் கட்டின் அடியில் வைத்தாள். பிறகு எடுத்து மேலே வைத்தாள். மறுபடியும் அடியில். பக்கத்தில் அட்டைப்பெட்டி இயந்திரம் நசுக்கு நசுக்கென்று நசுக்கிக்கொண்டிருந்தது. இது என் மேசைக்குத்தான் வரும் என்று அவளுக்குத் தெரியாதா? தெரிந்தே போட்டாளா? அப்படியானால் நேரில் கேட்பதற்கென்ன? தெரியாமல் போட்டாளென்றால், அம்மா என்ன வேலை பார்க்கிறாள் என்பதுகூடத் தெரியாமலா இத்தனை வருடம் வளர்ந்தாள்? எதை நினைத்தாலும் கோபம் வந்தது. அந்த மூன்று வரியை நினைத்தால் மட்டும் கோபம் எங்கேயோ போய்விட்டது.

வீட்டில் அவள் வாய் திறக்கவில்லை. மகளும் திறக்கவில்லை. சாப்பிடும்போது ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், பார்க்காதது போல இருந்தார்கள். "என்ன, ரெண்டு பேரும் மௌன விரதமா? உப்பை யாராவது இந்தப் பக்கம் தள்ளுங்க" என்றார் கணவர்.

ஞாயிறு பிற்பகல் சபையின் பின்கட்டு அறையில் முப்பது பேர் கூடினார்கள். பிள்ளைகள் முன்னால், பெற்றோர் சிலர் பின்னால், மகள் மூன்றாவது வரிசை ஓரத்தில். ஷிஃப்ட் அக்கா எழுந்து இடது பக்கத்தைப் படித்தாள். பெற்றோரில் பாதிப் பேர் தலையசைத்தார்கள். வலது பக்கத்தைப் படித்தாள். மீதிப் பாதி தலையசைத்தது. "ஆகையினால..." என்று தொடங்கினாள். அதற்கு மேல் வரவில்லை. ஆகையினால் என்ன? நோட்டில் அந்த இடம் வெள்ளையாக இருந்தது.

பின்னாலிருந்து ஒரு அம்மா கை தூக்கினாள். அவளுடைய மகன் கடையில்தான் பில் போடுகிறான். ஆறடி உயரம், பாடகர் குழுவில் அவனுக்கு 'நெட்டை' என்று பேர். "தப்பா நினைக்காதீங்கக்கா. எங்க பிள்ளைங்களையெல்லாம் நீங்கதான் வேலைக்குச் சேர்த்தீங்க. உங்க பொண்ணு வேலைக்குப் போறாளா?"

 தேள் கொட்டியது போல இருந்தது அவளுக்கு. இல்லை என்று சொல்லியிருந்தால் போதும். உண்மையும் அதுதான். ஆனால் பொய் போல இருக்கும் உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை.

"விண்ணப்பம் போட்டிருக்கா. என் மேசைக்கு வந்திருக்கு. மூணு நாளா வச்சிருக்கேன். என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல."

சொல்லி முடிப்பதற்குள் மகளின் முகம் சிவந்துவிட்டது. எல்லாத் தலைகளும் மூன்றாவது வரிசைப் பக்கம் திரும்பின. அப்போதுதான் ஷிஃப்ட் அக்காவுக்கு உறைத்தது: உண்மை பேசுகிறேன் என்று மகளைச் சந்தியில் நிறுத்திவிட்டாள்.

அந்தச் சங்கடத்தைக் கலைக்கவோ என்னவோ, நெட்டை எழுந்தான். எழ எழ எழுந்துகொண்டே இருந்தான். "அக்கா, நான் ஒன்னு கேக்கலாமா? ஞாயித்துக்கிழமை காலை வேலை வேணுமா வேணாமான்னு நீங்க எங்களை ஒரு நாளும் கேட்டதில்லையே. புதன்கிழமை, 'ஏம்ப்பா ஞாயிறு வரல'ன்னு திட்டுவீங்க. வியாழக்கிழமை நீங்களே ஞாயித்துக்கிழமைக்குப் பேர் போடுவீங்க. நாங்க எதைக் கேக்கறது?"

சிரிப்பு எழுந்தது. அவளும் சிரித்தாள். கண் மட்டும் சிரிக்கவில்லை.

பிறகு, செவிலியர் படிப்பு படிக்கிற ஒரு பெண் பேசினாள். அதிகம் பேசாதவள், எட்டாம் கவுண்டரில் உட்காருபவள். "என்னைக் கேட்டா, எனக்குக் கடையிலதான் ஓய்வு. வீட்ல ரெண்டு ரூமு, ஏழு பேரு. சபைக்கு வந்தா எல்லாரும் மார்க் என்ன, எப்ப முடிக்கிற, அப்புறம் என்னன்னு கேக்கறாங்க. கவுண்டர்ல யாரும் என்னை ஒன்னும் கேக்கறதில்ல. பை வேணுமான்னு நான்தான் அவங்களைக் கேக்கறேன். நாலு மணி நேரம் அப்படியே நிம்மதியா இருக்கும். இது பாவமா?"

 ஓய்வுநாள் என்றால் வேலை செய்யாத நாள் என்றுதான் ஷிஃப்ட் அக்கா ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் படித்திருந்தாள். வேலையில்தான் ஓய்வு என்று ஒருத்தி சொன்னால் அதை எந்தப் பக்கம் எழுதுவது? நோட்டின் நடுக்கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

போதகர் எழுந்து ஜெபித்தார். "ஆண்டவரே, எங்களுக்குத் தெளிவைத் தாரும்" என்றார். ஆமென் சொன்ன பிறகு அவள் அவரிடம் போய், "ஐயா, கூட்டத்தைக் கெடுத்துட்டேன். ஒரு முடிவு சொல்லத் தெரியல எனக்கு" என்றாள்.

போதகர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எனக்கும் தெரியலம்மா. தெரிஞ்சிருந்தா நானே பேசியிருப்பேனே."

பேருந்தில் அம்மாவும் மகளும் முன்னும் பின்னுமாக உட்கார்ந்தார்கள். மூன்று நிறுத்தம் தாண்டியது. நான்காவதில் ஷிஃப்ட் அக்கா எழுந்துபோய் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எல்லார் முன்னாடியும் சொன்னது தப்புதான்."

மகள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்கிட்ட நேரா கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா என்ன சொல்லுவ? ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன்னு சொல்லுவ. முடி வெட்டிக்கவான்னு கேட்டதுக்கு மூணு வாரம் ஜெபம் பண்ணின."

"அது..."

"அப்புறம் முடியே வளர்ந்திடுச்சும்மா."

ஷிஃப்ட் அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினாள். மகள் இந்தப் பக்கம் திரும்பினாள். "வேணாம்னா வேணாம்னு சொல்லு. சரின்னா சரின்னு சொல்லு. உன் படிப்பு வேலையால போச்சுன்னு எனக்குச் சொல்ற. சபையில, ஆண்டவர் நடத்தினார்னு சொல்ற. ஆண்டவர்தான் நடத்தினார்னா, என்னையும் நடத்தட்டுமே. இல்ல, அது தப்பாப் போச்சுன்னா, அதை அங்கயும் சொல்லேன்."

சபையில் போதகர்கூட இப்படிக் கேட்டதில்லை அவளை. "எனக்குத் தெரியலடி" என்றாள். அன்றைக்கு அதை அவள் மூன்றாம் தடவையாகச் சொன்னாள். இந்தத் தடவை சொல்வது கொஞ்சம் சுலபமாக இருந்தது. மகள் தன் பையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்துவிட்டு, அம்மா சாய்ந்து உட்கார இடம் விட்டாள்.

உறவுக்காரர்கள் ஒருவருக்குக் கீழ் ஒருவர் வேலை செய்யக்கூடாது என்பது கடையின் விதி. அடுத்த நாள் அவள் மகளின் விண்ணப்பத்தை ரொட்டிப் பிரிவுக்கு அனுப்பினாள். அதன் மேற்பார்வையாளர் வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிற பெரியவர். அவரிடம் சிபாரிசும் செய்யவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவர் ஐந்து நிமிடம் பேசிவிட்டு, சனிக்கிழமை முழு நாளும் செவ்வாய் மாலையும் என்று சேர்த்துக்கொண்டார்.

வியாழக்கிழமை ஷிஃப்ட் அக்கா, வாழ்க்கையில் முதல் முறையாக, அட்டவணை போடுவதற்கு முன் பிள்ளைகளிடம் ஒரு தாளைச் சுற்றவிட்டாள். 'ஞாயிறு காலைக்கு யார் வருவீங்க?' சபைப் பிள்ளைகள் ஐந்து பேரும் ஆராதனைக்குப் போகிறோம் என்பார்கள், மற்றவர்கள் வந்து தாங்குவார்கள் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். தாள் திரும்பி வந்தபோது எல்லாம் தலைகீழ். சபைப் பிள்ளைகளில் நெட்டையும் இன்னொருவனும் மட்டும்தான் விடுப்பு கேட்டிருந்தார்கள். செவிலியர் படிப்பு படிக்கிற பெண் 'எப்போதும் போல' என்று எழுதியிருந்தாள். எந்தச் சபைக்கும் எந்தக் கோயிலுக்கும் போகாத ஒரு பையன், 'எனக்கும் ஞாயிறு வேண்டாம் அக்கா, தூங்க வேண்டும்' என்று எழுதி, தூங்குகிற முகம் ஒன்றும் வரைந்திருந்தான். இவனுக்கு இல்லையென்று அவர்களுக்கு மட்டும் எப்படிக் கொடுப்பது? தூக்கமும் ஓய்வுதானே? கடவுளை நம்பாதவனுக்கு ஓய்வுநாள் கிடையாது என்று எங்கே எழுதியிருக்கிறது? கொடுத்தாள்.

கணக்கு கூட்டிப் பார்த்தால் ஞாயிறு காலைக்குத் தேறியது ஐந்து பேர்.

மேலாளர் அட்டவணையைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றினார். "அஞ்சு பேரை வச்சு ஞாயித்துக்கிழமை எப்படி ஓட்டுவீங்க? ஆறாவது கவுண்டர்ல யாரு, நானா?"

"நான் உட்காருறேன் சார்" என்று சொல்லிவிட்டாள். வாயிலிருந்து விழுந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது.

அப்படியாக, பாடகர் குழுவுக்கு இரண்டு ஆண் குரல்கள் திரும்பக் கிடைத்தன. பாட்டுப் பழக்குகிறவள் காணாமல் போனாள். பிறகு பேசிப் பேசி, ஒரு வாரம் அவள், ஒரு வாரம் நெட்டை என்று முறை வைத்துக்கொண்டார்கள். போதகர் கேள்விப்பட்டு, "பிள்ளைங்களைத்தானம்மா கேட்டேன், நீங்க உங்களையே குடுத்துட்டீங்களே" என்றார். அது பாராட்டா வருத்தமா என்று அவளுக்குத் தெரியவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது.

மகள் கதையும் நேர்க்கோட்டில் போகவில்லை. முதல் மாதம் சூடான தட்டில் முழங்கையைச் சுட்டுக்கொண்டு வந்தாள். "இதுக்குத்தான் வேணாம்னு சொன்னேன்" என்று மருந்து போட்டுக்கொண்டே கத்தினாள் ஷிஃப்ட் அக்கா. "நீ வேணாம்னு சொல்லவே இல்லையேம்மா" என்றாள் மகள். யோசித்துப் பார்த்தால் அதுவும் சரிதான். மூன்றாம் மாதம் ஒரு பாடம் மிகக் கடினமாக இருக்கிறது என்று ரொட்டிப் பிரிவில் இரண்டு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு விழுந்து விழுந்து படித்தாள். தேர்வு முடிவு வந்தபோது, விடுப்பு எடுத்துப் படித்த அந்தப் பாடத்தில்தான் தோற்றிருந்தாள். வேலைக்குப் போய்க்கொண்டே, மாவு ஒட்டிய கையோடு பேருந்தில் புரட்டிய மற்ற நான்கிலும் நல்ல மதிப்பெண்.

"பார்த்தியா!" என்று சொல்ல ஷிஃப்ட் அக்கா வாயைத் திறந்தாள். எதைப் பார்த்தியா என்று சொல்வது? வாயை மூடிக்கொண்டாள். கணவர் மட்டும் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "முதல் தடவையிலயே லைசென்ஸ் வாங்கினவங்க மேல எனக்கு நம்பிக்கையே கிடையாது" என்று மகளின் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். மகள் அந்தப் பாடத்தை மறுபடி எழுதித் தேறினாள். வேலையையும் விடவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் வந்ததும் காலணியைக்கூடக் கழற்றாமல் சோபாவில் தூங்கிவிடுவாள். ஷிஃப்ட் அக்கா அதைக் கழற்றி ஓரமாக வைக்கும்போது ஒரு நாள் சந்தோஷமாக இருக்கும். ஒரு நாள் அழுகை வரும். எது எந்த நாளில் வரும் என்று அவளுக்கே சொல்லத் தெரியாது.

சபையில் அதற்குப் பிறகு ஒரு முறை சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். கதவு அடைத்த கதையை அவள் சொல்லவில்லை. "நான் படிப்புல தோத்தேன். ஏன்னு இன்னும் எனக்குத் தெரியல. கடையில சேர்ந்தேன். அங்க நல்லாத்தான் இருந்தேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். இவ்வளவு சின்ன சாட்சியை யாரும் கேட்டதில்லை. சாட்சி முடிந்ததும் வழக்கமாகச் சொல்கிற ஸ்தோத்திரத்தைச் சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல் ஒரு சிலர் மட்டும் மெதுவாகச் சொன்னார்கள்.

அவள் முறை வருகிற ஞாயிறுகளில் ஆராதனை விட்டதும் சபைக்காரர்கள் கூட்டமாகக் கடைக்கு வருவார்கள். ஒரு ஞாயிறு போதகரே முட்டை அட்டையோடு அவள் வரிசையில் நின்றார். "இன்னைக்கு நீங்க கேட்டிருக்கணும்மா" என்று பிரசங்கத்தைச் சுருக்கமாகச் சொல்ல ஆரம்பித்தார். அவருக்கு எதையும் சுருக்கமாகச் சொல்லி வழக்கமில்லை. பின்னால் தள்ளுவண்டியோடு நின்றவர் தொண்டையைக் கனைத்தார். அவருக்குப் பின்னால் நின்றவரும் கனைத்தார். முட்டை அட்டையைத் திறந்து பார்த்தவள், இரண்டு உடைந்திருப்பதைக் கண்டு, வேறு எடுத்துவரச் சொல்லி ஆள் அனுப்பினாள்.

"முக்கியமான இடத்துக்கு வந்திட்டேன்" என்றார் போதகர்.

"சொல்லுங்க ஐயா" என்று அவள் அடுத்தவரின் சோப்பையும் பாலையும் நகர்த்திக்கொண்டே காதைக் கொடுத்தாள். பில் இயந்திரம் கூவிக்கொண்டிருந்த சத்தத்தில் முக்கியமான இடம் சரியாகக் கேட்கவில்லை. மறுபடி சொல்லுங்கள் என்று கேட்க வரிசை இடம் கொடுக்கவில்லை. அவள் தலையை மட்டும் ஆட்டினாள். புது முட்டை அட்டை வந்தது. அவர் வாங்கிக்கொண்டு போனார். அவள் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.